பொம்மை சோறு போடுமா?

நவராத்திரிக் காலத்தில் நாலு வீடு போய்ச் சுண்டல் சாப்பிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த வீட்டில் என்ன சந்தோஷம், எந்த வீட்டில் என்ன கவலை என்பது கொலுப்படிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும். பொம்மைகளுக்கு வாய் இல்லை என்று யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள்.

சென்ற வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாலை, முன்பு நம்மிடம் படித்த பிள்ளை ஒருவனுடைய வீட்டுக்குப் போயிருந்தோம். கீழ்ப்படியில் வழக்கம்போல் செட்டியாரும் அவர் மனைவியும் பலசரக்குக் கடையைப் பரப்பிக்கொண்டு வீற்றிருந்தார்கள். ஆனால் செட்டியாருடைய முகம் வெளுத்து, மூக்கின் நுனி உதிர்ந்து, மீசை இருந்த இடத்தில் வெறும் களிமண் தெரிந்தது. பார்வை அங்கே போவதைக் கவனித்த அந்த வீட்டு அம்மாள், "அமாவாசையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஸார். வீட்டிலேயே சித்திரக்காரன் இருக்கிறான் என்று பெயர். செட்டியாருக்கு மீசை எழுத ஆள் இல்லை" என்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முறையாகச் சித்திரம் பயின்றவன். சென்னையில் ஒரு சித்திரசாலையில் இப்போது வேலை. காட்சிகளுக்குத் திட்டமிடுவது, படங்களை மாட்டுவது, அவற்றுக்கு அறிமுகம் எழுதுவது, வாங்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல சம்பளம், மரியாதையான உத்தியோகம். வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும்.

"கை வரவில்லை, ஸார். நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதிய படங்களோடு இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பிரஷ்ஷைத் தொடவே மனம் வருவதில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் விலைதான் கண்ணில் படுகிறது" என்றான். சற்றுப் பொறுத்துச் சிரித்துக்கொண்டே, "ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?" என்றான்.

ஞாபகம் இருந்தது, இல்லாமல் போயிருந்தால் தேவலை. அந்த வருஷம் நவராத்திரி விடுமுறை முடிந்து வந்தபோது அவனுடைய நகக்கண்ணெல்லாம் களிமண். க்ஷேத்திரகணிதக் கணக்கு ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. 'கொலுவுக்குப் பொம்மை செய்தேன்' என்று பெருமையோடு சொன்னான். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "பொம்மை சோறு போடுமா?" என்று கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். நமது ஹாஸ்யத்தைப் பற்றி அன்று நமக்கே ஒரு திருப்தி ஏற்பட்டது.

"இப்போது பொம்மை சோறு போடுகிறது, ஸார். பொம்மையைத்தான் காணோம்" என்றான் அவன்.

சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது. அவனுக்கு அப்போது சொல்லிய பதிலையும், சொல்லாமல் விட்டு வீடு வந்து யோசித்ததையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இவ்வார எழுத்து.

கலைத் தொழிலில் இருப்பவனுடைய ஒரு கையை மூன்று பேர் பிடித்து இழுக்கிறார்கள். ஒன்று, சம்பளம் தரும் வேலை. இரண்டு, தனக்காக மட்டும் செய்துகொள்ளும் பொழுதுபோக்கு. மூன்று, வீடும் ஊரும் கேட்கும் பண்டிகை வேலை. முதலாவதற்குக் கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் மிஞ்சாது என்பது பொது அபிப்பிராயம். கை என்பது பானை, அதிலிருந்து மொண்டால் குறைந்துவிடும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். கையைப் பானையாக நினைப்பதா, ஊற்றாக நினைப்பதா என்பதே கேள்வி. ஊற்றாக நினைத்து வாழ்ந்தவர்கள் நம் தேசத்தில் இருந்திருக்கிறார்கள்.

சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை 1922 முதல் 1951 வரை தலைமை வகித்து நடத்தியவர் நந்தலால் போஸ். அவருடைய உத்தியோகச் சுமை சாமானியமானதல்ல. மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். சுவர்ச் சித்திரங்கள் எழுத வேண்டும். ஸ்தாபனத்தை நிர்வகிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அவர் சிறு சிறு கார்டுகளில் கண்ணில் பட்டதை எழுதி, மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு மரம், ஒரு மாடு, சந்தைக்குப் போகும் ஒருத்தி என்று கை அளவுச் சித்திரங்கள். எந்தக் காட்சிக்காகவும் எழுதப்பட்டவை அல்ல அவை. பெரிய சுவருக்குப் போகும் கை சின்ன அட்டையில் தினம் நடை பழகியது.

மூன்றாவது, பண்டிகை. 1928-இல் ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் மரம் நடும் விழாவையும், அடுத்திருக்கும் ஸ்ரீநிகேதனத்தில் ஏர் உழும் விழாவையும் தொடங்கினார். மரக்கன்றை அலங்கரித்து ஊர்வலமாக எடுத்துச் செல்வதும், ஏர் மாடுகளைச் சிங்காரிப்பதும், உழப்போகும் நிலத்தில் 'ஆல்பனா' இடுவதும் கலாபவனத்தாரின் வேலை. ஆல்பனா என்பது வேறொன்றுமில்லை. அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவில் துணியை நனைத்து, விரல் வழியே இழைய விட்டு நம் வீடுகளில் இடுகிறோமே, அந்த மாக்கோலத்துக்கு வங்காளத்துச் சகோதரி. சாந்திநிகேதனத்தில் அதைக் கற்பித்தவர்கள் பெண்மணிகள். முதலில் சுகுமாரி தேவி. பிறகு நந்தலாலின் புதல்வி கௌரி. பெரிய சித்திரக்காரர் ஒருவர், பாட்டிமார்களின் கைவேலையைத் தம் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் அவருடைய 'சொந்த' வேலை கெட்டதா? 1930-இல் ஸ்ரீநிகேதனத்துச் சுவரில் அவர் எழுதிய சித்திரத்தின் விஷயமே அந்த ஏர் விழாதான். ஒரு பகலில் மண்ணோடு மண்ணாகப் போன கோலம், சுவரில் போய் நிலைத்துக்கொண்டது.

இதைவிடப் பெரிய திருஷ்டாந்தமும் உண்டு. 1938 பிப்ரவரியில் குஜராத்திலுள்ள ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சுபாஷ் சந்திர போஸ் தலைவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பே லக்ஷ்மணபுரியிலும் பைஸ்பூரிலும் நடந்த காங்கிரஸ்களை அழகுபடுத்தியவர் நந்தலால். காந்தி மகான் இம்முறையும் அவரையே அழைத்தார். தேசத்தின் திருவிழா அது. நந்தலாலும் அவருடைய கூட்டத்தாரும் காகிதத்தில் சாதாரண வர்ணங்களைக்கொண்டு ஏறக்குறைய நானூறு படங்கள் எழுதிப் பந்தலெங்கும் மாட்டினார்கள்; அவற்றில் எண்பதுக்கு மேல் அவரே எழுதியவை. உழவன், தச்சன், தையற்காரன், மத்தளம் கொட்டுகிறவன், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் எல்லோரும் அதில் இருந்தார்கள். நடந்துகொண்டே பார்க்கும் கிராமவாசிக்கும் விளங்கும்படி, தடித்த கோடு, அழுத்தமான வர்ணம். சில நாள் திருவிழாவுக்கென்று விரைவாக எழுதிய அந்தக் காகிதங்களில் பல இன்று டில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் பொக்கிஷமாக இருக்கின்றன. அதே கை பின்னர் மாணவர்களின் துணையோடு நம் அரசியல் சாசனத்தின் ஏடுகளையும் அலங்கரித்தது.

இவ்வளவையும் பையனிடம் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாந்திநிகேதனத்தில் பண்டிகையே வேலைதானே, ஸார்? என் காரியாலயத்தில் பண்டிகை என்றால் அது விடுமுறை விண்ணப்பம்" என்றான்.

நியாயமான ஆக்ஷேபணை. மாந்தோப்பும் ஆசிரமமும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆகையால் ஊர் ஊராய் உத்தியோகம் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கும் நம் சென்னைக்கும் பாத்தியம் உண்டு.

கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1924-இல் மலையாளக் கரையிலுள்ள கூத்துப்பறம்பில் பிறந்தார். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் குதித்துச் சிறை சென்றார். சர்க்கார் கல்லூரிகளின் கதவு அடைபட்டது. 1944-இல் சாந்திநிகேதனம் சேர்ந்து நந்தலாலின் நிழலில் சித்திரம் கற்றார். ஒரு கதவை அடைத்த சர்க்கார், தெரியாமலே தேசத்துக்கு ஒரு கலைஞரைக் கொடுத்தது.

1951 முதல் பரோடாவில் ஆசிரியர். இடையில் கைத்தறி வாரியத்தில் உத்தியோகம். 1980-இல் மீண்டும் சாந்திநிகேதனத்தில் ஆசிரியர். ஆக, வேலைக்கு அவருக்கும் குறைவில்லை. ஆயினும் பரோடாவில் கலை மாணவர்கள் நடத்திய சந்தைகளுக்காக, மரத்துண்டு, மணி, தோல் இவற்றைக்கொண்டு அவர் விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்குச் சித்திரப் புத்தகங்கள் எழுதினார். மண்ணைப் பிசைந்து சுட்டெடுக்கும் குயவர் வேலையிலும் கை வைத்தார். விளையாட்டு என்று நினைத்தால் தவறு. வங்காள தேசத்தில் 1971-இல் நடந்த கொடுமைகள் அவர் மனத்தை வருத்தியபோது, மெடல் குத்திய சேனாதிபதிகளை அவர் இகழ்ந்து காட்டியது இந்தச் சுட்ட மண்ணில்தான். 2009-இல், தம் 85-ஆம் வயதில், கலாபவனத்துக் கட்டிடம் ஒன்றின் வெளிச்சுவர்களில் கறுப்பும் வெளுப்புமாகத் தாம் முன்பு எழுதியிருந்த சித்திரத்தைப் புதிதாக எழுதினார். 2016-இல் காலமானார். பொம்மை செய்ததால் அந்தக் கை தேய்ந்ததாகத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பார்த்தோம். நமக்குத் தோன்றியது இது. சம்பள வேலையில் நாம் செய்யும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மதிப்பிடுகிறார்; விலையோ, மார்க்கோ, மேலதிகாரியின் முகக்குறிப்போ ஏதோ ஒன்று அதன்மேல் எழுதப்படுகிறது. வாசற்கோலத்தில் அது இல்லை. காலையில் போட்டது மாலைக்குள் மிதிபட்டுவிடும் என்பது தெரிந்தே போடுகிறோம். புள்ளி தவறினால் ஒருவர் சிரிப்பார், மற்றொருவர் திருத்துவார், அவ்வளவுதான். தவறு செய்யப் பயமில்லாத இடம் ஒன்று கைக்கு வேண்டும். அது இல்லாத கை, சாமர்த்தியமாக இருக்கும். புதிதாக ஒன்றும் செய்யாது. அந்தப் பிள்ளைக்கு ஏற்பட்டிருக்கும் களைப்பு அதிக வேலையால் மட்டும் வந்ததல்ல. மதிப்பெண் போடப்படாத வேலை ஒன்றுகூட இல்லாததால் வந்தது.

இந்த இடத்தில் குடும்பத்தாருக்கும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வீட்டில் சித்திரம் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் போதும். ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்கு வரவேற்புப் பலகை, மூன்றாம் வீட்டு மாமியின் கொலுவுக்குப் பின்திரை, சங்கத்து ஆண்டு விழாவுக்கு மேடை எல்லாம் அவன் தலையில். 'நம்ம பையன்தானே' என்பதே கூலி. பண்டிகை வேலை இனிப்பது, பலர் சேர்ந்து செய்வதால். ஹரிபுராவில் நந்தலாலுக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். ஒருவனை மட்டும் ஏணியில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கீழே நின்று காபி சாப்பிட்டால், அவனுக்கு அது இன்னொரு காரியாலயம். மார்கழி விடியலில் தனியே குனிந்து நிற்கும் வீட்டுப் பெண்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

இரண்டாவது: பிள்ளை ஓய்வில் எதையாவது செய்தால், "இதை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று உடனே கேட்காதிருப்போமாக. விற்பதில் பாவமில்லை. கலாபவனத்திலேயே நந்தலாலின் பிறந்த நாளை ஒட்டி டிசம்பரில் சந்தை கூட்டி, மாணவர் நலனுக்கென்று கைவேலைகளை விற்கும் வழக்கம் 1970-களில் தொடங்கியது. ஆனால் ஒரு சின்ன மூலையாவது விலைச்சீட்டு ஒட்டாமல் இருக்கட்டும். அஞ்சல் அட்டை அளவுள்ள மூலையாக இருந்தாலும் போதும்.

அன்று இரவு நாம் எழுந்து விடைபெறும்போது, பையன் உள்ளே போய்ப் பழைய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். அதன் மயிர் விறைத்துப்போயிருந்தது. வெந்நீரில் நனைத்தான். கொலு வைத்த பொம்மையைப் படியைவிட்டு நகர்த்தக் கூடாது என்று அம்மாள் தடுத்ததால், அவனே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு செட்டியாருக்கு மீசை எழுதினான். நம்மிடம் விளக்கைப் பிடிக்கச் சொன்னான், பிடித்தோம். மீசையின் வலது பக்கம் சற்றே தூக்கிவிட்டது. அம்மாள், "செட்டியார் யாரிடமோ சண்டைக்குப் போகிறார்" என்றாள். பையன் தரையில் கிடந்தபடியே சிரித்தான்.

ஒன்பதாம் வகுப்பில் கேட்ட கேள்வியை நாம் வாபஸ் பெற்றுக்கொள்கிறோம் என்று அவனிடம் சொன்னோம். இவ்வருஷம் விடுமுறை முடிந்து நகக்கண்ணில் களிமண்ணோடு எவனாவது வகுப்புக்கு வந்தால், கணக்கைப் போடச் சொல்லத்தான் செய்வோம். ஆனால் அதற்கு முன்னால், என்ன பொம்மை செய்தாய் என்று கேட்போம்.