நடக்கிற தெருவில் இருக்கவும் இடம் வேண்டும்

கோபன்ஹேகன் நகரசபைச் சதுக்கத்தில் தொடங்கி கொங்கென்ஸ் நியூடோர்வ் வரை, ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் நீள்கிறது ஸ்ட்ரோயெட் கடைத்தெரு. 1962 நவம்பர் 17 அன்று அங்கே கார்கள் போவதைத் தடுத்தார்கள். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். இந்தக் குளிரில் தெருவில் உலாவ நாங்கள் இத்தாலியர்களா என்றும் கேட்டார்கள். ஆனால் சனம் வந்தது. பரிசோதனையாகத் தொடங்கியது 1964 இல் நிரந்தரமானது. இன்று சைக்கிள்காரரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

கட்டடக் கலைஞர் யான் கேல் 1960களில் இதே தெருவில் நின்று, ஆட்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தார். இருக்க வசதியுள்ள இடத்தில்தான் மனிதர்கள் தங்குகிறார்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். அவருடைய நகரத்திலேயே அது மறந்துபோகிறது என்பதுதான் என் கவலை.

என் அம்மாவுக்கு முழங்கால் வாதம். பனி உருகி வெயில் எறிக்கத் தொடங்கினால், சனத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ட்ரோயெட்டுக்கு வருவார். சாமான் வாங்குவதில் அவருக்கு ஆசை இல்லை. வாத்தியம் வாசிக்கிறவர்களையும் தள்ளுவண்டிப் பிள்ளைகளையும் பார்த்தால் போதும். சற்று நடந்ததும் கால் கடுக்கும். வழிநெடுகக் கதிரைகள் உண்டு, குளிருக்குப் போர்வையும் விரித்திருக்கும். எல்லாம் கோப்பிக் கடைகளின் கதிரைகள். ஒருமுறை அப்படி ஒன்றில் அம்மா இருந்தவுடன் பணியாளர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அது அவருடைய வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா உடனே எழும்பிவிட்டார். எழும்பப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதே தெருவிலுள்ள அமாகர்டோர்வ் சதுக்கத்தில் 1894 இல் கட்டிய நாரை நீரூற்று இருக்கிறது. புதிதாகப் படிப்பை முடித்த மருத்துவிச்சிகள் அதைச் சுற்றி ஆடுவது ஒரு வழக்கம். அதன் கற்படியில் இளையவர்கள் மணிக்கணக்கில் இருந்து கதைப்பார்கள், காசு கேட்க ஆளில்லை. சாய்மானமும் கைபிடியும் இல்லாத அந்தத் தாழ்ந்த கல்லில் அம்மாவால் இருந்து எழும்ப முடியாது.

சாய்மானமும் கைபிடியும் உள்ள பொது வாங்குகளை இந்தத் தெரு நெடுகப் போடவேண்டும். கோப்பிக் கடைக்கு வெளியிடத்தை அனுமதிக்கும்போதே பக்கத்தில் ஒரு பொது வாங்குக்கும் இடம் ஒதுக்கச் சொல்லலாம். பெரிய செலவு இல்லை. கார்களை நிறுத்தத் துணிந்த நகரசபைக்கு இது ஒரு வேலையே அல்ல.

டென்மார்க்கில் வாழும் எங்கள் சனத்துக்கும் ஒரு வார்த்தை. குடியுரிமை எடுக்காதவர்களும், சில ஆண்டுகள் சட்டப்படி வசித்திருந்தால், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் வாங்குகளைப் பற்றிக் கேளுங்கள்.