விட்ட நாளும் தொட்ட நாளும்

புதிய தவணை தொடங்குகிறது. மாணவன் ஒருவன் கடதாசியில் கோடு கிழித்து நேரசூசி வகுக்கிறான். காலை நான்கு மணிக்கு எழுதல், ஐந்து வரை கணிதம், ஆறு வரை ஆங்கிலம் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதிச் சுவரிலும் ஒட்டிவிடுகிறான். நான்கு நாள்கள் யாவும் செவ்வனே நடைபெறுகின்றன. ஐந்தாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். ஆறாம் நாள் உடல் அசதி. ஏழாம் நாள் அச்சுவரை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாயிருக்கிறது. “நமக்கு இது ஒத்துவராது” என்று கடதாசியைக் கிழித்தெறிகிறான்.

நம் இல்லங்களில் இஃது அரிய காட்சியன்று. பெரியோரும் இதற்கு விலக்கல்லர். இவ்வாறு கைவிடுவோர் இழப்பது இரண்டு நாள்களை மட்டுமன்று. தம்மால் ஒன்றைத் தொடர்ந்து செய்ய இயலும் என்னும் நம்பிக்கையையே இழந்துவிடுகின்றனர். அவ்விழப்புத்தான் பெரிது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப்பின் வாழ்க்கை இவ்விடயத்தில் நமக்கு நல்லதொரு பாடமாகும். 1815இல் இலண்டனில் பிறந்த அவர், பத்தொன்பதாம் வயதில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1867இல் விலகும்வரை 33 ஆண்டுகள் அத்திணைக்களத்திலேயே உழைத்தார். ஆயினும், தம் வாழ்நாளில் அவர் எழுதிய நாவல்கள் 47! முதல் நாவல் 1847இல் வெளிவந்தபோது அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1855இல் வெளியான ‘தி வார்டன்’ என்னும் நாவலே அவருக்குச் சிறிது பெயர் தேடித் தந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை.

அவர் கைக்கொண்ட நியமம் எளியது. காலை ஐந்தரை மணிக்கு மேசையருகில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே முதிய வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்து வந்தார். முதல் அரை மணித்தியாலம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பார். பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். எழுதிய பக்கங்களின் தொகையை நாள்தோறும் குறிப்பேட்டில் பதிவார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ட்ரொலப் தமக்கு விதித்துக்கொண்ட அளவு வாரத்துக்கு இத்தனை பக்கங்கள் என்பதாகும். ஓரிரு நாள் சோம்பியிருந்தால் அதுவும் குறிப்பேட்டில் தெரியும். அக்குறையை எஞ்சிய நாள்களில் கூடுதலாக உழைத்து ஈடுசெய்வார். தவறிய நாள் அவருக்குக் கடனாயிற்றேயன்றி, கைவிடுவதற்குக் காரணமாகவில்லை.

இப்பழக்கத்தை அவர் தம் வீட்டிலேயே கண்டிருந்தார். கணவரின் கடன் குடும்பத்தை நலித்தபோது, தாயார் பிரான்சிஸ் ட்ரொலப் எழுதத் தொடங்கினார். முதல் நூல் 1832இல் வெளிவந்தபோது அவ்வம்மையார் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். நோயுற்ற கணவரையும் மகனையும் பராமரித்தவாறே, அதிகாலை நான்கு மணிக்கு மேசையருகில் அமர்ந்து, உலகம் விழிக்குமுன் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். காலம் கடந்துவிட்டதே என்று ஏங்கும் தாய்மார் இவரை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆராய்ச்சியும் இதனையே உணர்த்துகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் 96 பேரைத் தெரிந்து, ஆளுக்கொரு செயலைப் 12 வாரங்கள் நாள்தோறும் செய்துவரச் சொல்லிக் கண்ட முடிவுகளை 2009இல் வெளியிட்டனர். ஒரு செயல் இயல்பான பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் சென்றன. சிலருக்கு 18 நாள்களே போதுமாயிருந்தன. வேறு சிலருக்கு 254 நாள்கள் வரை வேண்டியிருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதனாற் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை.

ஆகவே மாணவ மணிகளே, நேரசூசியைச் சுருக்குங்கள். பன்னிரண்டு வரிகள் வேண்டா, ஒன்று போதும். நாள்தோறும் நடைபெறும் ஒரு செயலோடு அதனைப் பிணைத்துவிடுங்கள். மாலைத் தேநீர் அருந்தியதும் அரை மணித்தியாலம் கணிதம் என்று வைத்துக்கொள்ளலாம். செய்த நாளை நாட்காட்டியில் அடையாளமிடுங்கள். நாளுக்கு அரை மணித்தியாலம் எனின், ஆண்டுக்கு 182 மணித்தியாலங்களுக்கு மேலாகிறது. பத்து நாள்கள் தவறினாலும் 177 மணித்தியாலங்கள் எஞ்சும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் இரவிரவாகக் கண்விழித்தாலும் இத்தனை நேரத்தைத் தேடிக்கொள்ள முடியுமா?

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை ஒரு நாள் தவறினால், “உன்னால் எதையும் தொடர்ந்து செய்ய முடியாது” என்று கடிந்துரையாதீர்கள். அச்சொல்லைப் பிள்ளை நம்பிவிடும். “இன்றைக்கு எத்தனை மணிக்கு இருக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். நேற்று விட்டதை இன்று மீண்டும் தொடுவதற்கு அக்கேள்வி ஒன்றே போதும்.