உப்பு டப்பாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும். மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் விடிந்ததும் ஒரு புலம்பல் கேட்கும். நேற்று மாலை வரை தளதளவென்று நின்ற கீரையில் இன்று காம்பு மட்டும்தான் மிச்சம். கத்தரி நாற்றில் குருத்தைக் காணோம். அவரை இலை சல்லடையாகிவிட்டது. தொட்டியின் விளிம்பில் காய்ந்து மினுங்குகிறது ஒரு வெள்ளிக் கோடு... குற்றவாளி போன வழி அது!

அடுத்து நடப்பது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். சமையலறையிலிருந்து உப்பு டப்பா வரும். தொட்டியை நகர்த்தினால் அடியில் ஈரத்தில் சுருண்டு கிடக்கும் நத்தையின் மேல் ஒரு கைப்பிடி உப்பு விழும். அது நுரை தள்ளி, துடித்து அடங்கும். "ஒழிந்தது சனியன்" என்று எல்லோரும் கீழே இறங்கிப் போவார்கள். நாலு நாள் கழித்து அதே விளிம்பில் அதே வெள்ளிக் கோடு!

நத்தையைக் கொல்வது பாவம் என்று வாதாட வரவில்லை இந்தக் கட்டுரை. கீரை போட்டவருக்குக் கீரை கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் கோபத்தில் எடுக்கும் ஆயுதங்கள் பெரும்பாலும் எதிரியை விட்டுவிட்டு மண்ணையும், நண்பர்களையும், சில சமயம் வீட்டில் சாப்பிடுகிறவர்களையுமே தாக்குகின்றன. சண்டை போடுவதற்கு முன்னால் எதிரி யார், எப்போது வருகிறது, எங்கே ஒளிகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மருந்துக்கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யார் இந்த விருந்தாளி?

நம் தோட்டங்களில் அதிகத் தொல்லை தருபவை இரண்டு. ஒன்று ஓடில்லாத நத்தை. தட்டையாக, கரும்பழுப்பு நிறத்தில், முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோட்டோடு இருக்கும். பலர் இதை அட்டை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இது இரத்தம் குடிக்காது, இலைதான் தின்னும். இன்னொன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கூம்பு போன்ற ஓடு, அதில் பழுப்புப் பட்டைகள். நன்றாக வளர்ந்தால் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். இரண்டுமே இந்த மண்ணின் பிள்ளைகள் அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை.

ராட்சத நத்தை இந்தியாவுக்குத் தானாக ஊர்ந்து வரவில்லை. 1847-ல் வில்லியம் ஹென்றி பென்சன் என்பவர் மொரீசியஸிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கிளிஞ்சல், நத்தை ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டவர் அவர். சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அதாவது, இன்று நாட்டின் பல மாநிலங்களில் விவசாயிகளை அழவைக்கும் இந்த நத்தையின் இந்திய வரலாறு தொடங்கியதே ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான்!

ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை மண்ணுக்குள் இடும். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும், மழை வந்தால் எழுந்துகொள்ளும். ஓடு வளரச் சுண்ணாம்புச்சத்து வேண்டுமே... அதற்காகச் சுவரில் ஏறிச் சுண்ணாம்புப் பூச்சைக் கூடச் சுரண்டித் தின்னும். இப்படிப்பட்ட பிராணியை ஒரு கைப்பிடி உப்பு ஒழித்துவிடும் என்று நம்புவது நம் அப்பாவித்தனம்.

உப்பும் விஷமும்

உப்பு பட்டால் நத்தை சாவது உண்மைதான். அதன் உடம்பில் உள்ள நீரை உப்பு இழுத்துவிடுகிறது. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அடுத்த தடவை தண்ணீர் ஊற்றும்போது அதே உப்பு கரைந்து தொட்டி மண்ணுக்குள் இறங்கும். வயலில் என்றால் மழை கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், பத்து கிலோ மண் உள்ள தொட்டியில் அது எங்கே போகும்? மண்ணில் உப்பு ஏற ஏற வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. ஈரம் இருந்தும் செடி வாடும். "நத்தையைத்தான் கொன்றோமே, செடி ஏன் கருகுகிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அவர்கள் கையில் இருக்கும் டப்பாவிலேயே இருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

உப்பு சரிப்படவில்லை என்றதும் சிலர் நத்தை மருந்து உருண்டைகளைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் பழைய ஆசாமி மெட்டால்டிஹைடு. நத்தையைக் கவர்வதற்காகத் தவிடு போன்ற தீனியோடு கலந்திருப்பார்கள். அந்த வாசனை நாயையும் இழுக்கும், தின்ற நாய்க்கு வலிப்பு வரும், உயிரே கூடப் போகும். பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் ஆபத்து என்றுதான் பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு இதைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் விளையாடும் மாடியில் இந்த உருண்டைகளுக்கு என்ன வேலை? மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் உருண்டை பரவாயில்லை. தின்ற நத்தை தீனி எடுப்பதை நிறுத்திச் சில நாளில் சாகும், மற்ற பிராணிகளுக்கு ஆபத்து மிகக் குறைவு.

"நாங்கள் இயற்கை முறை, புகையிலைக் கரைசல்தான் தெளிப்போம்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. புகையிலையில் இருப்பது நிகோட்டின். தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடிய விஷம். அது தேனீயையும் கொல்லும். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. அரளியும் செடிதானே!

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடுவது இன்னொரு பிரபலமான வைத்தியம். கூர்மையாக இருப்பதால் நத்தை தாண்டாதாம். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. முட்டை ஓடு, தாமிரப் பட்டை, சரளை, மரப்பட்டைத் துண்டுகள், கம்பளி உருண்டை என்று ஐந்தையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வைக்காத செடியை நத்தை எவ்வளவு கடித்ததோ, ஏறக்குறைய அவ்வளவே இவற்றையும் கடித்திருந்தது. முட்டை ஓடு மண்ணுக்கு நல்லது, தாராளமாகப் போடலாம். காவல்காரன் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

நத்தைக்குத் தேவை ஈரம், இருட்டு, ஒளிய ஓர் இடம். மூன்றையும் நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திட்டுகிறோம்.

தண்ணீர் ஊற்றுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை குறையும். காலையில் ஊற்றினால் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். மாலையில் ஊற்றுவது நத்தைக்கு இரவு விருந்துக்கு ஈரக் கம்பளம் விரிப்பது போல. தொட்டிகளைத் தரையோடு தரையாக வைக்காமல் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டு மேலோ தூக்கி வைக்கலாம். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடலாம். மூலையில் குவிந்திருக்கும் தேங்காய் மட்டை, உடைந்த தொட்டி, நனைந்த அட்டைப்பெட்டி எல்லாம் நத்தைகளுக்குப் பகல்நேர லாட்ஜ்! அவற்றைக் காலி செய்தாலே போதும்.

அடுத்தது பொறி. ஒரு சாக்கை நனைத்து, அதன் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ போட்டு இரவில் விட்டுவிட்டால், காலையில் அடியில் கூட்டமாக இருக்கும். ஈஸ்ட் கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் பதித்து வைத்தாலும் வந்து விழும். வெளிநாடுகளில் பீர் ஊற்றுகிறார்கள். நத்தையை இழுப்பது ஈஸ்ட் வாசனைதான். எனவே நத்தைக்காக டாஸ்மாக் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட நம்பகமானது பழைய முறை. இரவு எட்டு மணிக்கு மேல், ஒரு டார்ச், ஒரு இடுக்கி, ஒரு மூடி போட்ட வாளி. ஒரு வாரம் விடாமல் பத்து நிமிடம் பொறுக்கினால் இருபது தொட்டி உள்ள மாடியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசி போன்ற முட்டைகள் கண்ணில் பட்டால் அவற்றையும் எடுத்துவிட வேண்டும். பிடித்ததைப் பக்கத்துக் காலி மனையில் வீசுவது தீர்வு இல்லை. அது பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் பார்சல், பென்சன் காலத்துத் தவற்றின் சின்னப் பதிப்பு. வாளியிலேயே அடர்த்தியான உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, செடிகள் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம். உப்புக்கு வேலை அந்த வாளிக்குள்ளேதான், மண்ணில் இல்லை.

கையால் தொடவே கூடாது. இது அருவருப்புக்காகச் சொல்வதல்ல. எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைகளின் உடம்பிலும் இருக்கக்கூடும். அவை மனிதனுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாகலாம். கீரையை நாம் வேகவைத்துவிடுகிறோம், கவலை குறைவு. ஆனால் புதினாவும் கொத்தமல்லியும்? பச்சையாகச் சட்னி அரைப்போம், மோரில் கிள்ளிப் போடுவோம். வெள்ளிக் கோடு தெரியும் தோட்டத்தில் பறித்த தழையை ஒவ்வொரு இலையாகப் பார்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நத்தைப் பிரச்சினையில் இலை ஓட்டையை விடப் பெரிய விஷயம் இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான்.

நண்பனையும் கொல்லும் கை

கோபத்தில் இருப்பவருக்கு முகம் சரியாகத் தெரியாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்திருக்கும். அதன் நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை நூல் நூலாக, வேகமாக நகரும் ஒன்று இருக்கும். "அம்மாடி, இது பெரிய மாவுப்பூச்சி!" என்று முதலில் அதைத்தான் நசுக்குவார்கள். அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுவாக இருக்கலாம்! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்தப் பொறிவண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கூலிப்படை. எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவும் அப்படித்தான். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்பார்கள், அதன் புழுவைக் கண்டால் மருந்தடிப்பார்கள். மின்மினியின் புழு நத்தை தின்னும். செண்பகப் பறவை ராட்சத நத்தையையே தின்னும். தோட்டம் முழுக்க விஷம் தெளித்தால் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் இவர்கள்தான் முதலில் போவார்கள்.

அதற்காக, நத்தையைத் தின்னும் பிராணி எதையாவது கொண்டுவந்து விட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. ராட்சத நத்தையை ஒழிக்க என்று ஓநாய் நத்தை என்ற வேட்டை நத்தையை 1955-ல் ஹவாயிலும், 1974-ல் தஹிதியிலும், 1977-ல் மூரியாவிலும் விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய சின்ன மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. பல இனங்கள் பூண்டோடு அழிந்தன. இதற்கு நேர் எதிரான கதை நம் கோயம்புத்தூரில் நடந்தது. 2008-ல் அங்கே தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. பூச்சிமருந்து அதன் மெழுகுப் பூச்சைத் தாண்டவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அதன் குறி பப்பாளி மாவுப்பூச்சிதான். சில மாதங்களில் தொல்லை அடங்கியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் யாரை அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினார்கள். மற்றதில் அவசரத்தில் அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

"பேசுவது எளிது... ஒரு ஏக்கர் போட்டவன் டார்ச் வைத்துப் பொறுக்க முடியுமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. விவசாயிக்குக் கடன் இருக்கிறது, ஒரு வார நஷ்டத்தைக் கூட அவரால் தாங்க முடியாது. அவர் எடுக்கும் முடிவை மாடியில் நின்று கொண்டு குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியே வீட்டுத் தோட்டக்காரரின் பொறுப்பைக் கூட்டுகிறது. இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு நாலு கத்தரிக்காய் குறைந்தால் அடுப்பு அணைந்துவிடாது. விஷம் இல்லாத காய் வேண்டும் என்றுதானே மண்ணைச் சுமந்து மாடி ஏறினார்? அங்கேயும் போய் அதே விஷத்தைத் தெளித்தால் கடையிலேயே வாங்கியிருக்கலாமே!

ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2022-ல் நத்தைகளைப் 'பூச்சிகள்' பட்டியலில் சேர்ப்பதை விட்டுவிட்டது. அந்த நாட்டில் உள்ள 44 ஓடில்லா நத்தை இனங்களில் 9 மட்டுமே தோட்டச் செடிகளைத் தின்கின்றனவாம். மற்றவை அழுகியதைத் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன. நம் ஊர் நிலைமை வேறு, இங்கே தொல்லை தருபவை வெளியிலிருந்து வந்தவை. ஆனாலும் அதில் உள்ள பாடம் பொது. ஊர்வதெல்லாம் எதிரி அல்ல. ஒரு ஓட்டை கூட இல்லாத இலைதான் நல்ல இலை என்பதும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் விளிம்பில் வெள்ளிக் கோடு தெரிந்தால் முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள். பிறகு நேற்று எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். உப்பு டப்பா சமையலறையிலேயே இருக்கட்டும். பறித்த கீரையைக் கடையும்போது தேவைப்படும்!