தோற்றால்தான் இவர்களுக்குக் கூலி

“நாங்க லிங்க்தான் குடுக்கிறோம். ஆடுறதும் ஆடாததும் அவங்கவங்க இஷ்டம்.” சேத்தூர், ராஜபாளையம் பக்கம் டெலிகிராம் சேனல் நடத்தி, சூதாட்டச் செயலிகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர்களிடம் யார் கேட்டாலும் இதே பதில். பல வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சட்டத்தில் தெளிவில்லை என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்தின் ஆன்லைன் சூதாட்டத் தடையை ரத்து செய்தது மட்டும் நினைவிருக்கிறது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பின் வந்து, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டம் மறந்துபோகிறது. அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டத்தின் தடையிலிருந்து நீதிமன்றம் விலக்கியது ரம்மியையும் போக்கரையும்தான். அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை நிலைத்தது. மத்திய அரசின் 2025 சட்டமோ பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் எதையும் விடவில்லை. விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். செயலியை நடத்தும் கம்பெனி வெளிநாட்டில், குராசாவோ தீவில் இருக்கிறதாம். இருக்கட்டும், லிங்க் வந்து விழுவது சத்திரப்பட்டித் தறிக்காரரின் கைபேசியில்.

“லிங்க்தான்” என்ற பேச்சுக்கு வருகிறேன். அந்த லிங்கோடு ஒரு புரோமோ கோடு ஒட்டியிருக்கிறது. பணம் கட்டியவர் யார் மூலம் வந்தார் என்பது கம்பெனிக்கு அதில் தெரிந்துவிடும். கமிஷனில் ஒரு வகை, தலைக்கு இவ்வளவு என்பது. இன்னொரு வகை ரெவின்யூ ஷேர்: சேர்த்துவிட்ட ஆள் தோற்கிற பணத்தில், அவர் ஆடுகிற காலமெல்லாம் பங்கு. நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைக் கூலியில் 2,000 ரூபாயை ஒருவர் ராத்திரியில் விட்டால், சேர்த்துவிட்டவருக்கு ஏறக்குறைய 600 ரூபாய். ஜெயித்தால் இவருக்குச் சல்லிக்காசு இல்லை. “அண்ணே, அடுத்தது ரெட்டுதான், தைரியமாக் கட்டுங்க” என்று சேனலில் சொல்கிறவருக்கு, சொன்னது பலிக்காமல் போனால்தான் வருமானம்! லாட்டரிச் சீட்டு விற்றவர் விற்ற சீட்டுக்குக் கமிஷன் வாங்கினார். பரிசு விழுந்தால் அதிலும் ஏஜென்ட்டுக்குப் பங்கு உண்டு. வாங்கியவருக்கு விழவேண்டும் என்று அவரால் மனசார நினைக்க முடிந்தது. இவர்களால் முடியாது. ஜெயித்தவர்களின் ஸ்கிரீன்ஷாட்டாகப் போடுகிறார்களே, “நீங்கள் தோற்றால் எனக்கு இத்தனை சதவீதம்” என்று ஒரு வரியை அதன் கீழே ஏன் போடுவதில்லை?

விளம்பரம் இல்லாவிட்டாலும் ஆடுகிறவர் ஆடுவார், 2003இல் லாட்டரியைத் தடுத்த பிறகும் கேரளச் சீட்டு செங்கோட்டை வழியாக வரவில்லையா என்பார்கள். வந்தது, தேடிப்போனவருக்கு. லிங்க் தேடாதவரையும் தேடி வருகிறது.

வேலையில்லாத பையன்கள் பிழைக்கிறார்கள் என்றொரு வாதமும் உண்டு. யாருடைய கூலியில் என்பதை மேலே கணக்குப் போட்டாகிவிட்டது.

ஆடித் தோற்றவரை ஸ்டேஷனுக்கு இழுப்பதில் என்ன பயன்? புரோமோ கோடு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கமிஷன் போய்ச் சேர ஒரு வங்கிக் கணக்கோ கிரிப்டோ வாலட்டோ இருக்கிறது. சைபர் கிரைம் போலீஸ் அதைப் பிடித்துக்கொண்டு போகட்டும்.