ரோஜாவுக்கு மருந்தடிக்கறதுக்கு முன்னாடி ஒரு டார்ச் லைட்

எங்க பெரியநாயக்கன்பாளையத்துல யானை வந்தாத்தான் செய்தி. குருடிமலை அடிவாரத்துல உட்கார்ந்துகிட்டு புழுவைப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க. யானையை வனத்துறை பார்த்துக்கும், ரோஜாச் செடியில இருக்கற புழுவை நாமதானே பார்க்கணும் :)

விஷயம் இதுதான். எங்க தெருவுல வீட்டுக்கு நாலு தொட்டி ரோஜா உண்டு. இலையில ஓட்டை விழுந்தா அடுத்த நாளே மருந்துக்கடை. என்ன பூச்சின்னு வாங்கறவரும் பார்த்திருக்க மாட்டார், விற்கறவரும் கேட்க மாட்டார். பாட்டில் மட்டும் கைக்கு வந்துரும். சாயங்காலம் அடிச்சுட்டு, காலையில அதே பூ சாமி படத்துக்கும் போகுது, பொண்ணோட தலைக்கும் போகுது. பன்னீர் ரோஜாவா இருந்தா, இதழைப் பிச்சு புள்ளைங்க வாயில போட்டு மெல்லுதுங்க. எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

பாட்டில்ல இருக்கற முக்கோணத்தோட கலரையாவது பாருங்க. சிவப்புதான் கொடிய விஷம். அதுக்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சைன்னு வீரியம் குறையும். மோனோகுரோட்டோபாஸ்னு ஒண்ணு இருந்துச்சே, சிவப்பு முக்கோணம். 2005லயே காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 2013ல பீகார்ல அது கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்துப் போனாங்க. 2023லதான் மத்திய அரசு அதோட 36 சதவீதக் கரைசலைத் தடை பண்ணுச்சு. செடியோட சாறுக்குள்ளயே ஊடுருவற மருந்து அது. பூவைக் கழுவினா மட்டும் போயிருமா? ரோஜா காய்கறி இல்லையேன்னு நம்மாளுங்க சொல்ற சமாதானத்துல ஒரு அர்த்தமும் இல்லை.

சரி, இலையைத் தின்னது யாரு? இலை ஓரத்துல கத்தரிக்கோல் வெச்சு வெட்டின மாதிரி அரைவட்டமா இருந்தா அது புழுவே இல்லைங்க. இலைவெட்டித் தேனீ. அந்தத் துண்டைக் கொண்டுபோய் தன் குஞ்சுக்கு மெத்தை போடும். நம்ம துவரைக்கு மகரந்தச் சேர்க்கை பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்குப் போய் விஷம் அடிக்கறது அநியாயம்.

இலை பச்சையம் போயி, கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஆயிருந்தா, திருப்பிப் பாருங்க. குட்டிப் புழுக்கள் கும்பலா சுரண்டிகிட்டு இருக்கும். புரோடீனியான்னு விவசாயிங்க சொல்ற புகையிலை வெட்டுப்புழு. அந்துப்பூச்சி ஒரே இடத்துல நூத்துக்கணக்குல முட்டை வெச்சு, மேல பழுப்பு ரோமத்தால மூடிட்டுப் போயிரும். அந்த ஒரு இலையைக் கிள்ளிட்டீங்கன்னா அத்தனை புழுவும் போச்சு! விட்டுட்டீங்கன்னா வளர்ந்து பிரிஞ்சு போயிரும். பகல்ல மண்ணுலயும் சருகுலயும் ஒளிஞ்சுகிட்டு, ராத்திரி வந்து மேயும். பகல்ல தேடிட்டு "புழுவே இல்லையே"ன்னு சொல்றவங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச்சோட போய்ப் பாருங்க. ராத்திரி மேயறது வண்டாவும் இருக்கலாம், கோடைமழைக்கு அப்புறம் அதுங்க ஜாஸ்தி. மொட்டுல வட்டமா ஓட்டை இருந்தா பச்சைக்காய்ப்புழு, மொட்டோட கிள்ளிடுங்க. முதுகை வளைச்சு வளைச்சு நடந்தா காவடிப்புழு. கம்பளிப்புழுவை மட்டும் வெறும் கையில தொடாதீங்க.

நாலு தொட்டிக்குக் கையும் ஒரு மக் சோப்புத் தண்ணியும் போதும்ங்கறது என் கட்சி. ஓசூர்ல ஏக்கர் கணக்குல போட்டிருக்கறவங்க கணக்கு வேற. அதுக்கு மேலயும் வேணும்னா, லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு. இடிச்சு, ராத்திரி ஊறவெச்சு, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைச்சு, வெயில் தாழ்ந்த பிறகு இலையோட அடிப்பக்கம் படற மாதிரி அடிங்க. உடனே புழு செத்து விழாது. தீனி குறையும், தோலுரிக்கத் திணறும். மறுநாளே "வேலைக்காகல"ன்னு பாட்டிலைத் தேடி ஓடாதீங்க.

இங்கிலீஷ் தோட்டப் புத்தகங்கள்ல ரோஜான்னாலே ரம்ப ஈப் புழுதான். பார்க்க அசப்புல அந்துப்பூச்சிப் புழு மாதிரியே இருக்கும், ஆனா வயித்துல ஆறு ஜோடியோ அதுக்கு மேலயோ போலிக்கால் இருக்கும். அந்துப்பூச்சிப் புழுவுக்கு அஞ்சு ஜோடிக்கு மேல கிடையாது. இந்தக் கால் கணக்கு எதுக்குன்னா, பி.டி. பாக்டீரியாத் தூள் அந்துப்பூச்சிப் புழுவுக்குத்தான் வேலை செய்யும், ரம்ப ஈக்கு உதவாது.

ஆமணக்குச் செடி ஒண்ணை ஓரமா வைங்க. வெட்டுப்பூச்சிக்கு ரோஜாவை விட அது மேல ஆசை அதிகம். நிலக்கடலைக் காட்டுல வரப்பைச் சுத்தி ஆமணக்கு போடறது இதுக்குத்தான். முட்டை இருக்கற இலையைக் கிள்ளிகிட்டே வரலாம். கொட்டை விஷம்ங்கறதால, வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா காய் பிடிக்கறதுக்கு முன்னாடியே பூங்கொத்தை வெட்டிடுங்க.

அப்புறம், முதுகுல அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டிகிட்டு சோர்ந்து கிடக்கற புழு ஏதாவது கண்ணுல பட்டா அதை மட்டும் கொல்லாம விட்டுருங்க. அது குளவி இனத்தோட கூடு. அதுல இருந்து வெளிய வர்றதுங்க மத்த புழுக்களைத் தேடிப் போகும்.