மனத்திலே கட்டிய தீர்ப்புகள்

கேஎம்ஜி வயர்ஸ் என்ற கம்பித் தயாரிப்பு நிறுவனம் தன் வருமானம் 3.09 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டியது. வருமான வரித் துறையின் முகமற்ற மதிப்பீட்டு மையம் அதை 27.91 கோடி என்று தீர்மானித்தது. கூட்டிய தொகையில் பெரும்பகுதி இயக்குநர்களிடம் வாங்கிய கடன் சம்பந்தப்பட்டது. அதற்கு ஆதாரமாக உத்தரவில் மூன்று தீர்ப்புகள் இருந்தன. தேடினால் மூன்றுமே எங்கும் இல்லை. இது போதாதென்று, பில், இ-வே பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாவற்றோடும் சப்ளையர் அனுப்பியிருந்த பதிலை வரவே இல்லை என்றும் அதே உத்தரவு சொன்னது. 2025 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. செயற்கை நுண்ணறிவு தரும் விடையைச் சரிபார்க்காமல் அப்படியே எடுத்தாளக் கூடாது என்றும் கண்டித்தது.

இதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2024 டிசம்பர் 30 அன்று, பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவிலும் இதே கதைதான். மேற்கோள் காட்டியவற்றில் சென்னை உயர்நீதிமன்றத்தின் பெயரில் ஒன்று இருந்தது. அப்படி ஒரு தீர்ப்பை அந்த நீதிமன்றம் தந்ததே இல்லை. சில நாள்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

பெரிய இடத்து விவகாரம் என்று காக்களூர், திருமழிசை, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளின் கணக்கைப் பார்ப்பவர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறும் கணக்காளர் பலருக்கு ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் ஒரே மேசையில்தான். 11ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. நடுவில் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்து நிற்கும். கைபேசியில் சாட்ஜிபிடியோ ஜெமினியோ இருக்கும்போது கேட்காமல் இருப்பார்களா? மாட்டார்கள். தடை போடும் அலுவலகத்திலும் சொந்த போனில் கேட்கத்தான் போகிறார்கள்.

கேட்பதில் தப்பும் இல்லை. துறை ஆங்கிலத்தில் வந்த நோட்டீஸின் சாரத்தை முதலாளிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்துக்குள் சொல்லச் சொன்னால் இந்தக் கருவி நன்றாகவே சொல்கிறது. பாக்கிக்காரருக்கு உறவு கெடாமல் ஒரு நினைவூட்டல், எக்செல்லில் ஜிஎஸ்டிஆர்-2பியையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிட ஒரு ஃபார்முலா, கோபத்தில் எழுதிய பதில் கடிதத்தின் சூட்டைத் தணிப்பது ஆகிய வேலைகளில் அரை நாள் மிச்சமாகும். மொழி அதற்குக் கைவந்த கலை.

சட்டம் அப்படியல்ல. இந்தக் கருவி தீர்ப்புகளை அடுக்கி வைத்த நூலகம் இல்லை. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கோப்பது. அதனால் இல்லாத வழக்கையும் கட்சிக்காரர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து அச்சுப்போலத் தந்துவிடும். பூசலார் நாயனார் மனத்திலேயே கட்டிய கோயிலைக் கொண்டாடும் ஊர் திருநின்றவூர். அந்தக் கோயிலுக்கு இறைவனே எழுந்தருளினார். மனத்தில் கட்டிய தீர்ப்புக்கு எந்த அதிகாரியும் எழுந்தருள மாட்டார்.

இட்டுக்கட்டுவதைக் காட்டிலும் பழையதைச் சொல்வதுதான் நம் பகுதிக்கு அதிக ஆபத்து என்பது இவ்விதழின் கணிப்பு. கும்மிடிப்பூண்டி ரீ-ரோலிங் மில்களையே எடுத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் வாங்கும் உலோக ஸ்கிராப்புக்கு வாங்குபவரே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பதிவு பெற்றவரிடம் வாங்கினால், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டும்போது 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய எழுத்துகளில் ஊறிய கருவி பழைய முறையைத் தயங்காமல் ஒப்பிக்கக்கூடும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் சட்டம் வருகிறது. ஒப்பந்தக்காரருக்கு 194சி என்று நாம் மனப்பாடமாகச் சொன்னது 393ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. அறுபது ஆண்டுகளாகக் குவிந்த பழைய பிரிவு எண்களைப் படித்து வளர்ந்த கருவி அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நாமே மறக்கவில்லையே.

ஆகவே பிரிவையும் அறிவிக்கையையும் அதனிடம் கேட்டு வாங்கக் கூடாது. துறைத் தளத்திலிருந்து நாமே எடுத்துக் கொடுத்து, இதற்குள் நின்று எழுது என்று சொல்ல வேண்டும். அது தரும் ஒவ்வொரு தீர்ப்பையும் திறந்து படித்த பிறகே பதிலில் சேர்க்க வேண்டும். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் 2023 ஜனவரி முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. கூட்டல் கழித்தல் எக்செல்லிலேயே நடக்கட்டும். தவறான பதிலால் கிரெடிட் போனால் 18 சதவீத வட்டி கட்டப்போவது கட்சிக்காரர்; பதில் சொல்லப்போவது கையெழுத்துப் போட்டவர்.

இன்னொன்று: சம்பளப் பட்டியல், ஆதார் எண், சப்ளையர் விலை. இவற்றை இலவசக் கணக்கில் ஏற்றுவது இன்று சர்வ சாதாரணம். 2023இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரல் வரிகளைச் சாட்ஜிபிடியில் போட்டதும், நிர்வாகம் அத்தகைய கருவிகளையே தடை செய்ததும் செய்தியாயின. அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவை வேண்டாம் என்று நம் நிதி அமைச்சகமே 2025 ஜனவரி 29 அன்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"அரைமணியில் பதில் தயாராகிறதே, கட்டணம் மட்டும் ஏன் பழையபடி?" என்று கட்சிக்காரர்கள் கேட்கத் தொடங்குவார்கள். நியாயமான கேள்விதான். கடிதம் எழுதும் வேலைக்கான பணம் குறையட்டும். பில்லை எடைச் சீட்டோடும் இருப்புப் பதிவேட்டோடும் ஒத்துப் பார்ப்பதும், காட்டிய தீர்ப்பைத் திறந்து படிப்பதும் கட்டணச் சீட்டில் இதுவரை தனி வரியாக வந்ததில்லை. வரும் நிதியாண்டின் நியமனக் கடிதத்திலேயே அதைச் சேர்த்துவிடலாம்.