தலையாட்டிக் கேட்ட பாட்டு

எங்க ஹாஸ்டல்ல ஜெர்மன் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. ஆனா ராம்ஸ்டைன் பேண்டின் பாட்டு ஓடாத ரூமும் இல்லை. 1995-ல் வந்த அவங்க முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கும் 'ராம்ஸ்டைன்'னுதான் பேரு. கிட்டார் சத்தத்துக்காகவே கேட்டுட்டு இருந்தேன். அர்த்தம் தேடிப் பார்த்த அன்னைக்கு எங்க ஊர் வெலிங்டன் ஞாபகம் வந்துடுச்சு.

ராம்ஸ்டைன் என்பது மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்த ஊர். 1988 ஆகஸ்ட் 28 அன்று அங்கே விமான சாகசம் பார்க்க சுமார் 3 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். இத்தாலிய விமானப்படையின் மூன்று ஜெட்கள் வானத்திலேயே மோதின. ஒன்று எரிந்தபடி கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள்.

பாட்டில் ஆறுதல் கிடையாது. நெருப்பு, வெயில், சாகும் குழந்தை, அவ்வளவுதான். பாடகர் டில் லிண்டமன் எரியும் கோட்டோடு மேடையில் நின்று இதைப் பாடியிருக்கார். சாவை வச்சு ஷோ காட்டறாங்களோன்னு எனக்கும் நெருடுச்சு. ஆனா இந்தப் பாட்டு இல்லைன்னா அந்த 70 பேரைப் பற்றி எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

நம்ம ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர் 8. சூலூரில் கிளம்பி வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேர் இறந்தார்கள். போர்வையும் தண்ணியும் எடுத்துட்டு முதலில் ஓடினது அந்த ஊர் ஜனங்கதான்.

பேனர் வச்சோம், மெழுகுவர்த்தி ஏத்தினோம். ஏன் விழுந்ததுன்னு கேட்டா "விதி"ன்னு முடிச்சுட்டோம். விசாரணையில் இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை என்றார்கள். வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை தடுமாறி மலையில் மோதியது என்றார்கள். 2024-ல் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் காரணம் "மனிதத் தவறு" என்று வந்தது.

என் கருத்து இதுதான்: "மனிதத் தவறு" என்பதும் கிட்டத்தட்ட "விதி" மாதிரிதான். அதோட கேள்வி முடிஞ்சு போகுது.

ஜெர்மனியில் அப்படி முடியலை. ராம்ஸ்டைனில் அமெரிக்க மருத்துவக் குழுவின் டிரிப்ஸ் இணைப்பும் ஜெர்மன்காரர்களின் இணைப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது வரை வெளியே வந்தது. சாகசக் காட்சிக்கு மூன்று வருஷம் தடை போட்டார்கள். மக்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கணும் என்ற விதியும் கடுமையானது.

பாட்டு வலியைச் சொல்லுது, காரணத்தைச் சொல்லலை. நம்ம பேனரும் அப்படித்தான். அடுத்த வருஷம் இஞ்சினியர்னு கையெழுத்துப் போடப்போற நாம அந்த மீதியைக் கேட்கணும். மலைக்கு வரும் ஹெலிகாப்டருக்கு மேகம் பற்றிய எச்சரிக்கை எப்படிப் போகுது? திரும்பிப் போகலாம்னு முடிவு எடுக்க எவ்வளவு நேரம் கிடைக்குது? குன்னூரில் மேகம் இறங்க அஞ்சு நிமிஷம் போதும். அங்க வளர்ந்த எல்லாருக்கும் அது தெரியும்.